தாயிஃப் பர்ஷூமி: முள் எடுப்பதிலிருந்து சாறு உறைய வைப்பது வரை

ஜூலை பிறந்துவிட்டால் சவூதி அரேபியாவின் தாயிஃபிலிருந்து ஹதா, ஷஃபா பக்கம் போகிற மலைச் சாலை ஓரங்களில் பர்ஷூமி என்கிற கள்ளிப்பழப் பெட்டிகள் வந்து இறங்கிவிடும். பச்சையும் மஞ்சளும் கலந்த பழங்கள், நடுவே ஆரஞ்சு, எப்போதாவது நல்ல சிவப்பு. செங்கடலை ஒட்டி ஓடும் சரவாத் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தாயிஃப். கீழே மக்காவும் ஜித்தாவும் கொதிக்கும்போது இங்கே மாலையில் காற்று வரும். திராட்சை, மாதுளை, ரோஜா வரிசையில் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இன்னொன்று இந்தக் கள்ளிப்பழம். இதையே யேமனில் பலஸ் என்பார்கள். செங்கடலுக்கு அந்தப் பக்கம் எரித்திரியாவிலும் எத்தியோப்பியாவின் திக்ரேயிலும் பெலெஸ். தாவரவியல் பெயர் ஒபன்ஷியா ஃபைகஸ்-இண்டிகா, நம்மூர் சப்பாத்திக்கள்ளிக்கு நெருங்கிய சொந்தம்.

இந்த முறை ஒரு பெட்டி நிறைய வாங்கினேன். தோலுரித்துத் தின்றது போக மிச்சத்தைச் சாறாக, பாகாக, உறைய வைத்த கட்டியாகச் செய்து, எதில் பழத்தின் சத்தும் நிறமும் அதிகம் தங்குகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பழத்தை அடுப்பில் ஏற்ற வேண்டாம். குளிரவைத்து அப்படியே சாப்பிடுங்கள். மிஞ்சினால் காய்ச்சாமல் பிழிந்து உறைய வையுங்கள். ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

வாங்கும்போது

கள்ளிப்பழம் பறித்த பிறகு பழுக்காது. வாழைபோல அறையில் வைத்துக் கனியவிடலாம் என்று காயாக வாங்கினால் வாடுமே தவிர இனிக்காது. அதனால் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குவது நல்லது. பூ உதிர்ந்த நுனியில் ஒரு குழி இருக்கும். காயில் அது ஆழமாக இருக்கும், பழுக்கப் பழுக்கத் தட்டையாகிவிடும். நிறத்தைவிட இந்த அடையாளத்தைத்தான் நான் நம்புகிறேன், ஏனென்றால் பச்சைத் தோலோடே பழுத்துவிடும் வகைகளும் உண்டு. காம்புப் பக்கம் தோல் கிழிந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும்.

சிவப்பு கிடைத்தால் கொஞ்சம் சேர்த்து வாங்குங்கள். நிறம் என்ன ஆகிறது என்று பார்க்கச் சிவப்புப் பழம்தான் வசதி.

முள்

பெரிய முள்ளைப் பற்றிக் கவலை வேண்டாம், பழத்தில் அது அநேகமாக இருக்காது. தொல்லை கொடுப்பது தோலில் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும் சுணை முள். மயிரைவிட மெல்லியது, நுனியில் பின்னோக்கி வளைந்த கொக்கிகள். குத்தினால் தெரியாது. கையைத் துடைக்கும்போதுதான் சுருக்கென்று இழுக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் கண்ணுக்கே படும். பழம் பறிக்கும் வேலையாட்களுக்கு இந்தச் சுணையால் சொறி சிரங்கு மாதிரியே தோல் தடித்துப்போவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். காய்ந்த நிலையில் காற்றில் பறக்கும். அதனால்தான் அதிகாலையில் பனி ஈரம் இருக்கும்போதே பறிக்கிறார்கள்.

எனவே வேலை தொடங்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். ஏசியையும் நிறுத்துங்கள். துணிக் கையுறை வேண்டாம், சுணை அதிலேயே தங்கி அடுத்த முறை கையைப் பதம் பார்க்கும். பாத்திரம் கழுவும் தடித்த ரப்பர் கையுறையும் நீளமான இடுக்கியும் போதும்.

மூன்று வழிகளில் முள் எடுத்துப் பார்த்தேன்.

முதல் வழி தண்ணீர். அகலமான பாத்திரத்தில் பழங்களை மூழ்கவிட்டு, இடுக்கியால் பிடித்துக்கொண்டு பிரஷால் தேய்ப்பது. ஈரத்தில் சுணை பறக்காது என்பது பெரிய நிம்மதி. ஆனால் அந்தத் தண்ணீரைச் சிங்கில் அப்படியே ஊற்றினால் சுணை சிங்க் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய துணியில் வடிகட்டி, துணியைக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது நெருப்பு. காஸ் அடுப்பின் சுடரில் இடுக்கியால் பழத்தைச் சுற்றிக் காட்டினால், ஒவ்வொரு திட்டிலும் சின்னப் பொறி பறந்து சடசடவென்று கருகும். கத்தரிக்காய் சுடுகிற அளவுக்கு வைக்கக் கூடாது. தோல் பளபளப்பாகத் தொடங்கியதும் எடுத்துவிட்டால் உள்ளே சதை சூடேறாது. வீட்டில் செய்ய எனக்குப் பிடித்தது இதுதான். வேலை வேகமாக முடியும், சுணை எங்கும் சிதறாது.

மூன்றாவதைச் சொன்னவர் எங்கள் அறையில் இருக்கும் முதுகுளத்தூர் அண்ணன். “தம்பி, நாங்க ஆடு மேய்க்கையில நாகதாளிப் பழத்தை மண்ணுல போட்டுச் செருப்புக்காலால உருட்டுவோம். அப்புறம் பிளந்து நடுவுல இருக்குற முள்ளை எடுத்துட்டுத்தான் வாயில வைப்போம்” என்றார். நாகதாளி என்று அவர் சொல்வது சப்பாத்திக்கள்ளியை. வாசலில் மணல் இருக்கும் இடத்தில் போட்டு, ஈர்க்குமாற்றால் உருட்டிப் பார்த்தோம். சுணை நன்றாகவே போகிறது. நிறையப் பழத்தை ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய இது பலருக்கும் கை வந்த பழைய வழி. மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குத் தோதுப்படாது.

அண்ணன் தொடர்ந்து, “எங்க தாத்தா காலத்துல காடு பூராம் இதுதானாம். பூச்சி விட்டு அழிச்சாங்களாம்” என்றார். அது உண்மை. சப்பாத்திக்கள்ளி விளைநிலங்களை மூடிப் பரவியபோது, அதன் சாற்றை உறிஞ்சி வாழும் வெள்ளைப் பஞ்சு போன்ற ஒரு செதில் பூச்சியை 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே தென்னிந்தியாவில் பெரும்பகுதி கள்ளி அடங்கிவிட்டது. வேலி ஓரங்களில் இன்று நாம் பார்ப்பது அதில் தப்பியது.

சுணை குத்திவிட்டால் என்ன செய்வது? தேய்க்காதீர்கள், வாயால் கடித்து எடுக்கவும் வேண்டாம். கொத்தாக இருப்பதைச் சிறு சாமணத்தால் எடுங்கள். மிச்சத்துக்கு ஃபெவிக்கால் மாதிரி வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி, மேலே காயத்துக்குக் கட்டும் காஸ் துணி ஒரு துண்டு வைத்து, முழுக்கக் காய்ந்ததும் உரித்தெடுங்கள். பசையோடு சுணையும் வந்துவிடும். வெறும் செல்லோ டேப் ஒட்டி எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உரிப்பதும் பிழிவதும்

இரண்டு நுனிகளையும் வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல். தோல் தடிமன் அரை சென்டிமீட்டர் இருக்கும். கீறலில் விரலைக் கொடுத்து விரித்தால் தோல் இரண்டு பக்கமும் மடங்கி, முட்டை வடிவில் சதை தனியாக நிற்கும். இரண்டு கிலோ பழத்தில் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை வந்தது. வழக்கமாகவே பழத்தின் எடையில் பாதி தோல்தான்.

சதையைத் தொட்டால் வழவழப்பு. வெண்டைக்காயில் இருப்பதைப் போன்ற கொழகொழப்புப் பசை இந்தச் செடி முழுக்கவும் உண்டு. தண்ணீரைப் பிடித்துவைக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. இந்தக் கொழகொழப்பு நமக்கு நல்ல நார்ச்சத்து, ஆனால் வடிகட்டும்போது பொறுமையைச் சோதிக்கும்.

மிக்ஸியில் போடாதீர்கள். ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கில் கல்லுப்போல விதைகள். பிளேடு அவற்றை உடைத்தால் சாறு முழுக்க நறநறவென்று மணல் கலந்த மாதிரி ஆகிவிடும். மத்துதான் இதற்குச் சரியான கருவி. அகன்ற பாத்திரத்தில் சதையைப் போட்டுக் கீரை கடைவது போலக் கடைந்தால் விதை முழுசாக இருக்க, சதை மட்டும் கரைந்துவிடும். டீ வடிகட்டியில் ஊற்றினால் கொழகொழப்பு அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட இறங்காது. ரவை சலிக்கும் எஃகுச் சல்லடையில் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி வழித்தால் சாறு தடிப்பாக இறங்கும். வெள்ளரிக்காயும் தர்பூசணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

எலுமிச்சை ஏன் கட்டாயம்

கள்ளிப்பழத்தில் புளிப்பு மிகக் குறைவு. புளிப்பை அளக்கும் பி.ஹெச். தாளை நனைத்துப் பார்த்தேன், 6-ஐ ஒட்டிக் காட்டியது. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். (சிவப்புச் சாறு தாளில் கறை பிடிக்கும், மஞ்சள் பழச் சாற்றில் பார்ப்பதுதான் சரி.) இது வெறும் ருசி விஷயமில்லை. 4.6-க்கு மேல் பி.ஹெச். உள்ள எதையும் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து வெளியில் வைத்தால், பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் கொடுக்கிறோம். மாம்பழச் சாறு, திராட்சைச் சாறு பக்குவத்தை அப்படியே இதற்கும் செய்து பாட்டிலில் அடைப்பது ஆபத்து.

ஒரு லிட்டர் சாறுக்கு நான்கைந்து மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டதும் தாள் 4-க்கு இறங்கியது. ருசியும் அப்போதுதான் எழுந்து நின்றது. இனிப்பு மட்டுமே இருந்த சாற்றுக்கு ஒரு முனை கிடைத்தது. அப்படியும் நான் வெளியில் வைக்கவில்லை. குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

அடுப்பில் வைத்துப் பார்த்தது

மெக்சிகோவின் நடுப் பீடபூமியில், சான் லூயிஸ் போத்தோசி, சகாதேகாஸ் பகுதிகளில், கள்ளிப்பழத்தைச் சர்க்கரை சேர்க்காமலே மணிக்கணக்கில் காய்ச்சித் தேன் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். இன்னும் இறுக்கி, அடித்து, பனங்கருப்பட்டி மாதிரிக் கட்டியாக்கி அதைத் ‘தூனா சீஸ்’ என்று விற்பார்கள் (தூனா என்பது அங்கே கள்ளிப்பழத்தின் பெயர்). இந்தச் செடியின் பூர்வீகமே அந்த மேட்டுநிலம்தான். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலேறி மத்தியதரைக்கடல் கரைக்கு வந்து, அங்கிருந்து இந்தப் பக்கமெல்லாம் பரவியது. மேட்டுநிலம் அதற்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் மட்டும் திறந்து கரியமில வாயுவை எடுத்து, அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதை வைத்துச் சர்க்கரை செய்யும் செடி இது. இரவு குளிராக இருந்தால் நீர் இழப்பும் குறைவு, வேலையும் நன்றாக நடக்கும். பகல் 25 டிகிரி, இரவு 15 டிகிரி அதற்கு உகந்த கணக்கு.

சரி, பாகு. எலுமிச்சை விட்ட சிவப்புச் சாறு ஒன்று, விடாதது ஒன்று, இரண்டையும் தனித்தனிச் சட்டியில் சிறுதீயில் வைத்தேன். கொழகொழப்பினால் நுரை பொங்கிக்கொண்டே வரும், அகன்ற சட்டி வேண்டும், நகரக் கூடாது. முதலில் போவது வாசனை. வெள்ளரி, தர்பூசணி மணமெல்லாம் ஆவியோடு போய் வைக்கோல் மணம் மிஞ்சுகிறது. அடுத்தது நிறம். எலுமிச்சை விடாத சட்டியில் ரோஜாச் சிவப்பு மங்கி, செங்கல் நிறமாகி, கடைசியில் பழுப்பு மஞ்சளில் நின்றது. எலுமிச்சை விட்டது மெதுவாக மங்கியது.

இந்தச் சிவப்பு, பீட்ரூட்டில் இருக்கும் அதே பெட்டானின். மஞ்சள் பழத்தில் இருப்பது இண்டிகாசாந்தின். இரண்டும் பெட்டாலைன் என்ற குடும்பம், உடலில் ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் பொருள்கள். சூட்டில் பெட்டானின் இரண்டாக உடைந்து மஞ்சள் துண்டும் நிறமற்ற துண்டும் ஆகிவிடும். அதனால்தான் பழுப்பு மஞ்சள். கொஞ்சமாகச் சூடாக்கிய சாற்றை எலுமிச்சையோடு குளிரில் வைத்தால் துண்டுகளில் ஒரு பகுதி திரும்ப ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ராத்திரி மங்கலாக உள்ளே போன கிண்ணம் காலையில் சற்றுச் சிவந்திருந்தது. ஆனால் பாகு பதத்துக்குப் போனது திரும்பவில்லை. வைட்டமின் சி-யும் சூட்டில் நிற்காது.

ஒரு லிட்டர் சாறு தேன் பதத்துக்கு வரும்போது கால் லிட்டருக்கும் குறைவாக நின்றது. ருசி நன்றாகவே இருக்கிறது, வெல்லப்பாகின் சாயல். தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். ஆனால் அது சர்க்கரை. நாரில் பாதியைச் சல்லடையிலேயே விட்டுவிட்டு, நிறத்தை அடுப்பில் விட்டுவிட்டு, குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் மட்டும் இறுக்கி எடுத்த பொருள். உடம்புக்கு நல்லது என்று சொல்லி யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சத்து என்று எதைச் சொல்லலாம்

அமெரிக்க வேளாண் துறையின் பட்டியல்படி 100 கிராம் சதையில் 41 கலோரி, மாவுச்சத்து 9.6 கிராம், நார் 3.6 கிராம், மக்னீசியம் 85 மில்லிகிராம், கால்சியம் 56, பொட்டாசியம் 220, வைட்டமின் சி 14 மில்லிகிராம், இரும்பு 0.3 மில்லிகிராம்.

இதில் என் கண்ணில் படுவது மக்னீசியம். பழங்களில் இவ்வளவு மக்னீசியம் அபூர்வம், ஒரு நாளைக்கு வேண்டியதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. நாரும் நல்ல அளவு. வைட்டமின் சி-க்காக இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. கொய்யாவில் இதைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் இருக்கிறது.

இரும்பு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். “சப்பாத்திக்கள்ளிப் பழம் பத்து நாள் சாப்பிட்டால் ரத்தம் ஊறும், ஹீமோகுளோபின் ஏறும்” என்று ஊரிலிருந்து காணொளிகள் வாட்ஸப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. ஊர் வேலியில் இருக்கும் பழம் வேறு இனம்தான், ஆனால் அதன் சிவப்பும் இதே பெட்டாலைன்தான், ரத்தத்தின் சிவப்பில்லை. 0.3 மில்லிகிராம் இரும்பு உள்ள ஒரு பழத்தை நம்பி, ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணோ குழந்தையோ மாத்திரையைத் தள்ளிப்போட்டால் இழப்பு அவர்களுக்குத்தான். ரசித்துச் சாப்பிடட்டும், மாத்திரையையும் விடாமல் சாப்பிடட்டும்.

சர்க்கரை நோய்க்கு நல்லது என்பதும் இப்படித்தான் கலந்துபோயிருக்கிறது. ரத்தச் சர்க்கரை ஏறுவதைக் கள்ளி மட்டுப்படுத்துகிறது என்று வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அதன் தட்டையான மடலை, மெக்சிகோக்காரர்கள் நோபால் என்று சமைத்துச் சாப்பிடுகிறார்களே, அதை வைத்துச் செய்தவை. பழத்தில் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் ஒரு பழம், முழுசாக, சாறாக இல்லாமல், அதையும் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. விதையோடு விழுங்குவதுதான் இங்கே வழக்கம், நாரும் அதில்தான் அதிகம். அளவோடு என்றால் ஒன்றும் செய்யாது. ஒரே மூச்சில் ஏராளமாகத் தின்றால் விதைகள் மலக்குடலில் கட்டியாகச் சேர்ந்து, மருத்துவமனைக்குப் போய் எடுக்கும் நிலை வரும். கள்ளிப்பழம் விளையும் நாடுகளில் இது மருத்துவர்களுக்குப் பழகிய கேஸ். பெரியவர்களுக்கு இரண்டு மூன்று பழம், கூடவே நிறையத் தண்ணீர். சின்னக் குழந்தைகளுக்கு விதை நீக்கிக் கொடுங்கள். சிவப்புப் பழம் தின்றால் மறுநாள் சிறுநீர் சிவந்து போகலாம், பீட்ரூட் தின்றால் சிலருக்கு ஆவது போல. பயப்பட வேண்டாம்.

சலித்த விதையைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் எடுக்கலாமா என்று அறையில் கேட்டார்கள். முகத்துக்குத் தடவ விற்கிறார்களே, அந்த விலையுயர்ந்த எண்ணெய் இந்த விதையிலிருந்துதான் வருகிறது, அதில் பெரும்பகுதி லினோலிக் அமிலம். ஆனால் விதை கடினம், எண்ணெய் கொஞ்சம். அதற்கென்று இருக்கும் செக்கு இல்லாமல் வீட்டில் ஆகாது.

கடைசியில் நிலைத்த பக்குவம்

தின்பதற்கு: சுணை எடுத்த பழத்தைத் தோலோடே குளிர்பெட்டியில் வைத்து, தேவைப்படும்போது உரிப்பது. தோல் இருக்கும்வரை சதை காயாது. சில்லென்று இருந்தால்தான் இதன் இனிப்பு திகட்டாது. கொஞ்சம் உப்பும் மிளகுத்தூளும் தூவினால் அண்ணனுக்குப் பிடிக்கிறது.

சேமிப்பதற்கு: மத்தில் கடைந்து, சல்லடையில் வழித்து, லிட்டருக்கு நான்கைந்து மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, சர்க்கரை சேர்க்காமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைப்பது. உறைந்ததும் கட்டிகளை எடுத்து மூடிபோட்ட டப்பாவில் மாற்றிக்கொள்ளலாம். சிவப்பு அப்படியே நிற்கிறது, வாசனையும் பெருமளவு தங்குகிறது. உருகும்போது சாறு பிரிந்து மேலே தெளிவாகவும் கீழே சதையாகவும் நிற்கும், கரண்டியால் கலக்கினால் போதும். நான்கு கட்டி, ஒரு குவளை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, விருப்பமிருந்தால் தட்டிய இஞ்சி. நோன்பு நேரத்தில் பர்ஷூமி கிடைக்காது, அதற்காக ஒரு டப்பா தனியே எடுத்துவைத்திருக்கிறேன்.

சல்லடையில் தங்கிய கொழகொழச் சதையை விதையோடு தூக்கிப்போடாமல் கெட்டித் தயிரில் கலந்து அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். சாற்றில் போகாத நாரெல்லாம் அதில்தான் இருக்கிறது.